ஓடைத் தண்ணீர் குளத்தில் விழுவதற்கு முன் செடிப் படுகை வைத்துச் சுத்தப்படுத்தினால் பாசி குறையுமா?

குளத்துமடை (கேட்டவர்)

எல்லோருக்கும் வணக்கம். சுசீந்திரத்துக்கு மேற்கே, சானல் பாசனத்தில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. ஊர்க் குளத்துக்குத் தண்ணீர் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று சானல் மடை. இன்னொன்று ஊருக்குள்ளிருந்து வரும் ஓடை. முன்பெல்லாம் மழைக்காலத்தில் மட்டும் ஓடும். இப்போது வருடம் முழுக்க ஓடுகிறது. அறுபது வீட்டுக் குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் அதில்தான். பல வீடுகளில் செப்டிக் டேங்கின் வழிவுக் குழாயையும் அதில் திருப்பி விட்டிருக்கிறார்கள்.

இந்தக் குளத்தில் தாமரை பறித்துத் தோவாளைப் பூச்சந்தைக்கு அனுப்பிய ஊர் இது. இப்போது பாதிக் குளம் ஆகாயத்தாமரை, மீதிப் பாதி பெயின்ட் கரைத்து ஊற்றிய மாதிரிப் பச்சை. போன சித்திரையில் ஒரு நாள் விடியற்காலை மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. வெயில் ஏறுவதற்குள் கெண்டை நிறையச் செத்துக் கரை ஒதுங்கியது.

ஊர் இளைஞர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் திரட்டியிருக்கிறோம். குளத்தில் கல்வாழை, வெட்டிவேர் வைத்து மிதவை விட்டால் போதும் என்கிறார் ஒருவர். இ.எம். கரைசல் (நுண்ணுயிர்க் கலவை) ஊற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர். ஓடை குளத்தில் சேரும் இடத்தில் 12 சென்ட் புறம்போக்கு சும்மா கிடக்கிறது. ஓடையிலிருந்து குளத்துக்கு நாலைந்து அடி பள்ளம் இருக்கும். அங்கே ஜல்லியும் செடியும் போட்டுப் படுகை அமைத்தால் வேலைக்கு ஆகுமா? எவ்வளவு இடம் வேண்டும்? கொசு வந்துவிடுமே என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாஞ்சில்வயல்

தம்பி, வீட்டுத் தண்ணீரை மட்டும் குறை சொன்னால் கணக்கு முழுசாகாது. வயல் வடிகாலும் உங்கள் குளத்தில்தானே விழும்? ஜூனில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வந்ததும் கன்னிப்பூவுக்கு, அதாவது முதல் போக நெல்லுக்கு, தொளி அடிக்கிறோம் (சேறு கலக்கி உழுகிறோம்). அந்தக் கலங்கல் தண்ணீரை அப்படியே வடிய விட்டால் மண்ணோடு ஒட்டிய உரமும் போய்விடும். மேலுரம் போட்ட மறுநாள் வடிமடையைத் திறந்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். மழை ஒன்று பெய்தால் போட்ட யூரியாவில் பெரும்பகுதி ஓடையில்.

நான் யூரியாவை மூன்றாகப் பிரித்துப் போடுகிறேன். போட்டபின் இரண்டு மூன்று நாள் வரப்பை அடைத்து, தண்ணீரை வயலிலேயே நிறுத்துகிறேன். தொளி அடித்தபின் கலங்கல் தெளியும்வரை வடிப்பதில்லை. இதற்குச் செலவே கிடையாது. படுகை கட்டுவதோடு ஊர் விவசாயிகளிடம் இதையும் பேசுங்கள்.

சரளைப்படுகை

தம்பி, முடியும். ஆனால் குளத்துக்குள் அல்ல, குளத்துக்கு வெளியே, அந்தப் 12 சென்டில். நான் கட்டட வேலை படித்தவள், திங்கள்நகர் பக்கம். நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு மாணவர் விடுதியின் பின்னால் இப்படி ஒரு படுகை இருக்கிறது. கட்டிய நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மீன் ஏன் செத்தது என்பது. பாசி பகலில் ஆக்சிஜன் விடும், ராத்திரி அதுவும் ஆக்சிஜனை எடுக்கும். பாசி அளவுக்கு மீறி இருக்கிற குளத்தில் விடியும் நேரத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் அறவே குறைந்துவிடும். அதனால்தான் நீங்கள் விடியற்காலையில் அதைப் பார்த்திருக்கிறீர்கள். இதற்காகத் துருசு, மருந்து என்று போட்டுப் பாசியைக் கொல்லாதீர்கள். செத்த பாசி அழுகும்போது மிச்ச ஆக்சிஜனையும் எடுத்துவிடும். இ.எம். கரைசலும் அப்படித்தான். குளத்தில் இருக்கும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் அது எங்கேயும் கொண்டு போகாது. வருகிற தீனியை நிறுத்தாமல் உள்ளே எதை ஊற்றினாலும் அடுத்த சித்திரையில் இதே கதைதான்.

அந்தத் தீனி இரண்டு. நைட்ரஜன், பாஸ்பரஸ். இரண்டும் தண்ணீரை விட்டு வெளியேறும் வழி வேறு வேறு. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

நைட்ரஜனைக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடலாம். சாக்கடையில் அது பெரும்பாலும் அம்மோனியாவாக வருகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும், அதுவும் நிறைய. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு நாலரை கிராமுக்கு மேல். அப்புறம் வேறு வகை பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும். அதற்கு ஆக்சிஜன் இருக்கவே கூடாது, தின்பதற்குக் கொஞ்சம் கரிமச்சத்தும் வேண்டும். ஆக, முதலில் காற்றோட்டமான இடம், அடுத்து காற்றில்லாத இடம். ஒரே படுகையில் இரண்டையும் எதிர்பார்ப்பதால்தான் பல இடங்களில் தண்ணீர் தெளிவாகத் தெரியும், பாசி மட்டும் குறையாது.

பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. அது ஜல்லியிலும் மண்ணிலும் ஒட்டும், செடிக்குள் ஏறும், சேற்றில் படியும். நீங்கள் கையால் எடுத்து அப்புறப்படுத்தினால் மட்டும்தான் குளத்தை விட்டுப் போகும்.

இப்போது உங்கள் ஊர்க் கணக்கு. அறுபது வீடு, வீட்டுக்கு நாலு பேர், 240 பேர். நம் சாப்பாட்டுக்கு ஒரு ஆளிடமிருந்து வருடத்துக்கு 2.7 கிலோ நைட்ரஜனும் 0.4 கிலோ பாஸ்பரஸும் கழிவில் வரும் என்று எடுத்துக்கொள்வார்கள். அதில் பாதிதான் ஓடைக்கு வருகிறது என்று வைத்தாலும் நைட்ரஜன் 320 கிலோ, பாஸ்பரஸ் 48 கிலோ. சோப்புத்தூளில் வருவது தனி. படுகைக்கு 10 சென்ட் ஒதுக்கினால் சுமார் 400 சதுர மீட்டர். இப்படிப்பட்ட படுகைகள் சதுர மீட்டருக்கு வருடத்தில் 250 முதல் 630 கிராம் வரை நைட்ரஜனை எடுத்திருக்கின்றன. உங்களுக்கு அது 100 முதல் 250 கிலோ. நல்ல பங்கு.

பாஸ்பரஸுக்கு வாருங்கள். செடியை ஒழுங்காக அறுத்து எடுத்தாலும் சதுர மீட்டருக்கு வருடத்தில் 10, 20 கிராம்தான் கிடைக்கும். 400 சதுர மீட்டருக்கு 4 முதல் 8 கிலோ. வருவதோ 48. மிச்சத்தில் ஒரு பகுதியை ஜல்லியும் மண்ணும் பிடிக்கும், அதுவும் நிரம்பும்வரைதான். கல்வாழை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். செடி தேவைதான். அதன் வேர்தான் பாக்டீரியாவுக்கு இடம் கொடுக்கிறது, படுகை அடைபடாமலும் பார்த்துக்கொள்கிறது. ஆனால் செடியை மட்டும் நம்பக் கூடாது.

இனி அமைப்பு. ஓடை வாயில் முதலில் கம்பி வலை, அடுத்து இரண்டு அறை வைத்த படிவுத் தொட்டி. சாம்பு பாக்கெட்டும் மண்ணும் சோற்றுப் பருக்கையும் இங்கேயே நின்றுவிட வேண்டும். இதற்கும் நடக்கிற வழிக்கும் 2 சென்ட். அடுத்து 7 சென்டில் செங்குத்துப் படுகை. மேலே கழுவிய கரடு மணல், கீழே ஜல்லி, அடியில் ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய். தண்ணீரைத் தொடர்ச்சியாக விடாமல், தொட்டி நிரம்ப நிரம்ப ஒரே மூச்சில் மேற்பரப்பு முழுக்கப் பரவும்படி விட வேண்டும். அது வடிந்து இறங்கும்போது பின்னாலேயே காற்று உள்ளே இழுபடும். அம்மோனியா நைட்ரேட்டாவது இங்கேதான். அங்கிருந்து 3 சென்டில் கிடைப் படுகை. இரண்டடி ஆழம், முழுக்க ஜல்லி, எப்போதும் தண்ணீர் நிறைந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகரும். நைட்ரேட் வாயுவாவது இங்கே.

கொசுவைப் பற்றிக் கேட்டீர்கள். கிடைப் படுகையில் தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு மூன்று நாலு விரல் கீழேயே நிற்க வேண்டும். மேலே தண்ணீர் கண்ணில் படவே கூடாது. கொசு முட்டையிட இடமிருக்காது. கடைசிக் குழாயில் எல்போ (வளைகுழாய்) ஒன்றைப் பசை போட்டு ஒட்டாமல் செருகி வையுங்கள். அதை நிமிர்த்தினால் மட்டம் ஏறும், சாய்த்தால் இறங்கும். வேறு வால்வு எதுவும் வேண்டாம்.

ஜல்லியில் கவனமாக இருங்கள். லோடு இறக்கும்போதே ஒரு கைப்பிடி அள்ளி ஒரு வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வெள்ளையாகக் கலங்கினால் கிரஷர் பொடி கலந்து வந்திருக்கிறது. அதைக் கழுவாமல் போட்டால் படுகை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நுழையும் பக்கம் இரண்டடி அகலத்துக்குப் பெரிய ஜல்லி, ஒன்றரை இஞ்சுக்குக் குறையாமல். நடுவில் அரை, முக்கால் இஞ்சு.

படுகை செத்துப்போவது பெரும்பாலும் எண்ணெயாலும் கஞ்சியாலும்தான். எங்கள் விடுதியில் சமையலறைக்கு வெளியே எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டி இருக்கிறது. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவித்த நாள் அதில் மாவு வெள்ளையாகப் படிந்திருக்கும். மீன்குழம்பு வைத்த மறுநாள் மூடியைத் திறந்தால் தேங்காயெண்ணெய் மஞ்சள்பொடியோடு இறுகி, அகப்பையைச் செருகினால் பாளமாகத் தூக்கிக்கொண்டு வரும். சமையல் செய்கிற அக்கா தினமும் காலையில் அதை வழித்து, அடுப்புச் சாம்பலில் புரட்டித் தென்னை மூட்டில் புதைத்துவிடுவார். அவர் லீவில் போய் யாரும் வழிக்காமல் விட்டால் அந்த வாரமே எனக்குத் தெரிந்துவிடும். படுகையின் வாயில் கையை விட்டுத் தோண்டினால் ஜல்லி கறுத்திருக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். நல்லபடி ஓடும் நாளில் அதே இடத்தில் மண் வாசனைதான் வரும். அந்தப் படுகை உயிரோடு இருப்பதற்கு என் படிப்பைவிட அந்த அக்காவின் அகப்பைதான் காரணம். உங்கள் ஊரில் இந்த வேலையை யார் செய்வார் என்று முடிவு செய்துவிட்டு ஜல்லிக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

நமக்கு வருடத்தில் இரண்டு பருவமழை. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் ஓடை முட்டி வரும்போது அந்த வெள்ளம் படுகைக்குள் போகக் கூடாது. ஓடையில் சின்னத் தடுப்புச் சுவர் கட்டி, தினசரி வரும் அளவு மட்டும் தொட்டிக்குத் திரும்பட்டும். மேலே வழிவது நேரே குளத்துக்குப் போகட்டும்.

மிதவை வேண்டாம் என்று சொல்லவில்லை. படுகை ஓட ஆரம்பித்தபிறகு குளத்தில் கொஞ்சம் விடுங்கள். ஆனால் செடியை அறுத்து வெளியே எடுக்க ஆள் இல்லாவிட்டால், அது மக்கி எல்லாவற்றையும் திரும்பக் குளத்துக்கே கொடுத்துவிடும். ஆகாயத்தாமரையும் இப்படித்தான். ஜே.சி.பி. வைத்து அள்ளிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழையில் அதன் சாறு முழுக்கக் குளத்தில். அள்ளிய அன்றே வண்டியில் ஏற்றி வாழைத் தோட்டத்துக்குக் கொண்டு போக வேண்டும்.

குளத்துமடை

அக்கா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. இரவு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தோம். பாஸ்பரஸ் கணக்குதான் உறுத்துகிறது. மிச்ச 40 கிலோவுக்கு என்ன வழி? இன்னொன்று, செங்குத்துப் படுகைக்குத் தண்ணீரை விட்டுவிட்டு விட மோட்டார் வேண்டுமா? கரண்ட் பில் யார் கட்டுவது என்று இப்போதே சண்டை.

ரப்பர்தோட்டம்

குலசேகரம் பக்கமிருந்து எழுதுகிறேன். எங்கள் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையின் கழிவுத் தண்ணீருக்கு இதே போல் சின்னதாகச் செய்யலாமா என்று யோசிக்கிறேன். ரப்பர் பால் உறைய பார்மிக் ஆசிட் சேர்ப்போம். அந்தத் தண்ணீர் இப்போது தோட்டத்துக் குழியில்தான் போகிறது. கீழே உள்ள தோட்டில் (ஓடையில்) மழைக்காலத்தில் வெள்ளையாக வருவதாகப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். அக்காவின் கருத்து வேண்டும்.

சரளைப்படுகை

ரப்பர்தோட்டம் சார், செய்யலாம். ஆனால் நேரடியாக விடாதீர்கள். உங்கள் தண்ணீர் புளிப்பு. அந்தப் புளிப்பில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா வேலை செய்யாது. அது வேலை செய்யும்போதே தண்ணீரின் காரத்தன்மையைத் தின்னும், ஒரு கிராம் நைட்ரஜனுக்கு ஏழு கிராம் சுண்ணாம்புக்கல்லுக்கு (கால்சியம் கார்பனேட்) சமமான அளவு. ஏற்கெனவே புளித்த தண்ணீரில் அதற்கு வழியே இல்லை. முதல் தொட்டியில் உறையாமல் தப்பிய ரப்பரைப் பிடித்து எடுங்கள், அதை ஒட்டுப்பாலோடு (மரத்தில் ஒட்டி உறைந்த ரப்பர்) சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது தொட்டியில் சுண்ணாம்பு. பி.எச். தாள் வாங்கி 7 பக்கம் வந்திருக்கிறதா என்று பார்த்து அப்புறம் படுகைக்கு விடுங்கள். பாலைக் கெடாமல் வைக்க அம்மோனியா சேர்க்கிறவராக இருந்தால் நைட்ரஜன் சுமை பல மடங்கு. அப்போது படுகையின் அளவை வீட்டுச் சாக்கடைக் கணக்கில் போடக் கூடாது, தண்ணீரைச் சோதித்துத்தான் போட வேண்டும்.

குளத்துமடைத் தம்பிக்கு. உறுத்த வேண்டிய கேள்விதான். மூன்று வழி சேர்ந்துதான் சமாளிக்க முடியும்.

செப்டிக் டேங்க் வழிவுக் குழாய்களை ஓடையிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் பின்னால் இடம் இருப்பவர்கள் உறிஞ்சுகுழி போட்டு அதில் திருப்பலாம், கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி. 48 கிலோவில் பெரும் பகுதி அந்தக் குழாய்கள் வழியாகத்தான் வருகிறது. சுமையைக் குறைக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

அடுத்து, கிடைப் படுகையின் கடைசியில் தனியாக ஒரு குழி. அதில் நம் மேற்குப் பக்கத்து வெட்டுக்கல்லை (செம்புறைக்கல்) எலுமிச்சங்காய் அளவுக்கு உடைத்துப் போடுங்கள். வெட்டுக்கல்லில் இரும்பும் அலுமினியமும் நிறைய இருப்பதால் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். படுகை முழுக்க அதையே போடலாமே என்று தோன்றும். வேண்டாம், தண்ணீரில் ஊறிப் பொடிந்து அடைத்துவிடும். குழியில் என்றால் பிடிப்பு குறைந்ததும் வாரி எடுத்துத் தென்னைக்குப் போட்டுவிட்டு வேறு கல் நிரப்பலாம்.

மூன்றாவது, குளத்தின் அடிச்சேறு. எத்தனையோ வருடத்துப் பாஸ்பரஸ் அதில் உட்கார்ந்திருக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்த நேரத்தில் சேறு அதை மேலே விடும். அதனால் ஓடையை முழுசாகச் சரிசெய்தாலும் முதல் ஓரிரு வருடம் பாசி வரத்தான் செய்யும். அப்போது ஊர்க்காரர்கள் படுகை பிரயோஜனமில்லை என்பார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கோடையில் குளம் வற்றும்போது அனுமதி வாங்கி வண்டலை எடுங்கள்.

கிட் வாங்கித் தண்ணீரைச் சோதிக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு விஷயம். செங்குத்துப் படுகையைத் தாண்டியதும் நைட்ரேட் உயர்ந்து காட்டும். பயப்பட வேண்டாம், படுகை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். கிடைப் படுகையைத் தாண்டியும் குறையவில்லை என்றால், பாக்டீரியாவுக்குத் தீனி போதவில்லை. படிவுத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சத்தைச் செங்குத்துப் படுகைக்கு விடாமல் நேரே கிடைப் படுகைக்குத் திருப்பினால் சரியாகும்.

மோட்டார் வேண்டாம், பள்ளம் போதுமானால். தொட்டிக்குள் மணிச் சைஃபன் வைத்தால் நிரம்பியதும் தானே முழுக்கக் கொட்டிவிடும், கரண்ட் தேவையில்லை. ஆனால் சைஃபன், செங்குத்துப் படுகை, குழாய்ச் சரிவு எல்லாம் சேர்த்து ஐந்தடி வேண்டும். நீங்கள் நாலைந்து அடி என்கிறீர்கள். எந்த மட்டத்திலிருந்து அளந்தீர்கள்? கோடையில் வற்றிய தண்ணீரிலிருந்து அளந்திருந்தால் அந்தக் கணக்கு உதவாது. ஐப்பசியில் குளம் நிரம்பி மறுகால் போகும்போது உங்கள் கடைசிக் குழாய் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் இரண்டு படுகையும் நின்றுபோகும். மறுகால் சுவரின் மேல்மட்டத்தை வைத்து, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, ஓடையின் அடிமட்டம்வரை அளந்து எழுதுங்கள். அந்த ஒரு எண் வந்தால் வரைபடம் போட்டுத் தருகிறேன்.

புறம்போக்கு என்பதால் ஊராட்சியிலும் நீர்வளத்துறையிலும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். மறுகால் எங்கே போகிறது என்பதையும் மனுவில் எழுதுங்கள். சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. உங்கள் மறுகால் அந்தப் பக்கமோ பழையாற்றுக்கோ போகிறதென்றால் மணக்குடிக் காயல்வரை இதன் பலன் போகும். அதிகாரிகளிடம் சொல்ல வலுவான காரணம் அது.

குளத்துமடை

மறுகால் மட்டத்திலிருந்து அளக்கவில்லை அக்கா, இப்போது நிற்கிற தண்ணீரிலிருந்துதான். ஞாயிற்றுக்கிழமை டியூப் லெவல் வைத்து அளந்து போடுகிறேன். மறுகால் பழையாற்றில்தான் போய்ச் சேருகிறது. வழிவுக் குழாய் உள்ள வீடுகளின் பட்டியல் எடுக்க இரண்டு பேர் கிளம்பியாகிவிட்டது. ஒரே சந்தேகம், செடி எங்கே வாங்குவது? நர்சரியில் கல்வாழை ஒன்றுக்கு முப்பது ரூபாய் சொல்கிறார்கள்.

நாஞ்சில்வயல்

செடிக்குக் காசு கொடுக்காதீர்கள் தம்பி. எங்கள் கடைவயல் ஓடையில் சம்பும் நாணலும் மண்டிக் கிடக்கிறது. கன்னிப்பூ நடவுக்கு முன்னால் எப்படியும் வெட்டத்தான் போகிறேன், சாக்கோடு வாருங்கள். வெட்டும்போது கிழங்கில் இரண்டு கணுவாவது இருக்க வேண்டும், தண்டை முழங்கால் உயரத்துக்கு விட்டு நறுக்குங்கள். வெட்டிய அன்றே ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் ரெண்டு மூணு நாள் தாங்கும். அக்கா, முதல் மாதம் தண்ணீர் மட்டத்தை மேலேயே வைக்க வேண்டுமா?

சரளைப்படுகை

ஆமாம் அண்ணாச்சி. வேர் பிடிக்கும்வரை ஜல்லியின் மேல்மட்டம்வரை தண்ணீர் நிற்கட்டும், அந்தச் சில வாரம் கொசு மேல் ஒரு கண் இருக்கட்டும். புதுத் தளிர் வந்ததும் எல்போவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து இறக்கினால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும். ஒரு அடிக்கு ஒரு கிழங்கு. முதல் மாதம் சானல் தண்ணீரைக் கலந்து சாக்கடையைப் பாதியாக்கி விடுங்கள்.